கையெழுத்து என்னுடையதல்ல

உத்திரமேரூர் வட்டம்,
20.9.2024

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் பிள்ளை ஏஞ்சலும் சுகம். போனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் பஞ்சாயத்துத் தலைவராகி மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் துணைத் தலைவர் துரைராஜ்தான் என் நாற்காலியில் உட்காருகிறார். "கையெழுத்து மட்டும் போடும்மா" என்கிறார். இப்போது நம் காலனி ஜனங்கள் கல்லறைக்குப் போகும் பாதையை அடைத்து மனை போடப் பார்க்கிறார். கிராம சபையில் எல்லாரும் ஒத்துக்கொண்டதாகத் தீர்மானம் எழுதியே வைத்துவிட்டார். சபை இன்னும் கூடவே இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது. என்ன செய்யட்டும்?

உங்கள் ஷாரோன்


ஓசூர்,
25.9.2024

அன்புள்ள ஷாரோனுக்கு,

நான் ஓட்டுகிற கம்பெனி பஸ் துரைராஜின் மச்சானுடையது என்பது உனக்குத் தெரியும். நேற்று முதலாளி கூப்பிட்டு, "உன் சம்சாரத்துக்கு இன்னாதான் வேணுமாம்?" என்றார். இவர்களைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது?

ஊருக்கு நீ தலைவர். உனக்கு நான் புருஷன். சொல்கிறேன், கையெழுத்தைப் போட்டுவிடு. பிள்ளைக்கு இருமல் நின்றதா?

கலைச்செல்வன்


உத்திரமேரூர் வட்டம்,
3.10.2024

அன்புள்ள ஏஞ்சல் அப்பாவுக்கு,

நான் போடவில்லை. நேற்று கிராம சபையில் தீர்மானத்தை உரக்கப் படித்து, "இதற்குச் சம்மதமா?" என்று ஜனங்களைக் கேட்டேன். துரைராஜ் எழுந்து, "அது நாங்க பாவம் பாத்து வுட்ட வழி. இனிமே வுட மாட்டோம்" என்றார். களை எடுக்கப் போகிற எல்லம்மாள் அக்கா விடவில்லை. "செத்தா பொதைக்கறதுக்கும் உன்ன கேக்கணுமா? பொறக்கசொல்ல யார கேட்டுக்கினு பொறந்தோம்?" என்றார்.

கைதூக்கச் சொன்னேன். தீர்மானத்துக்கு நாலைந்து கைதான். மற்றவர்கள் எல்லாம் எதிர்த்தார்கள், ஊர்ப்பக்கத்தார் சிலரும்கூட.

சந்தோஷப்படத் தெம்பு இல்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் குடவோலைத் தேர்தல் கல்வெட்டு இருக்கிறதென்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறார்கள். அந்தக் குடத்தில் நிலம் உள்ளவர்கள் பெயர்தான் விழுந்தது. இன்று நம் ஜனங்களும் ஓட்டுப் போட்டுத்தான் நான் தலைவர். பிறப்போடு வந்த உரிமையை அவர்களுக்கு யாரும் தானம் கொடுக்கவில்லை. அதைக் காப்பாற்றும் வேலையைத்தான் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். செய்யாவிட்டால் பதவியைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதுவும் நியாயம்தான். அவர்களைக் கேட்காமல் போட அந்தக் கையெழுத்து என்னுடையதல்ல.

புருஷன் என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணத்தன்று பாஸ்டர் என்னிடமும் சம்மதம் கேட்டார். மனசாரத்தான் சொன்னேன். அதற்கப்புறம் எதற்கும் என்னை நீங்கள் கேட்டதில்லை.

பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது.

ஷாரோன்


ஓசூர்,
12.10.2024

ஷாரோனுக்கு,

வேலை போய்விட்டது. பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, மறைக்க மாட்டேன்.

ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வரட்டுமா, இங்கேயே வேறு வேலை பார்க்கட்டுமா? நீ சொன்ன பிறகுதான் பஸ் ஏறுவேன்.

கலைச்செல்வன்