எங்கள் ரெக்கார்டில் டென்னிஸ்

மார்ச் 4, 1969. செவ்வாய்

காலையில் பனி. முதல் ஷிப்ட். சுரங்க ஒர்க்ஷாப்பில் இரண்டு பம்ப் பிரித்தோம். வீட்டுக்கு வந்தால் பம்பாயிலிருந்து பார்சல். எங்கள் ஜாஸ் ரெக்கார்டு! அட்டையில் என் பெயர், டிரம்ஸோடு என் படம். அடியில் பொடி எழுத்தில்: பியானோ, டென்னிஸ். அவன் கிளப் டான்ஸில் என்னோடு வாசிப்பவன். பாட்டெல்லாம் அவன் போட்டது. எங்கள் வீட்டில் கிராமபோன் கிடையாது. பெண்டாட்டி சரோஜா அட்டையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "இன்னாங்க, இதுல கூடவா மூஞ்சிய உம்முனு வெச்சிக்கணும்?"

மார்ச் 13, வியாழன்

வெயில் ஏறிவிட்டது. பம்பாய் மாதப் பத்திரிகையில் எங்கள் ரெக்கார்டைப் பற்றி அரைப் பக்கம். நம் நாட்டில் இப்படி ஒரு டிரம்மரா என்று. எட்டு முறை படித்தேன். ஒர்க்ஷாப் முழுக்கக் காட்டியாயிற்று. டென்னிஸ் கை குலுக்கினான். அவனைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. போகட்டும், அடுத்த தடவை.

மார்ச் 17, திங்கள்

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பிளேடு. அம்மாவுக்கு லெட்டர்.

மெட்ராஸ் இங்கிலீஷ் பேப்பரிலும் விமர்சனம். பியானோக்காரர் நன்றாகத்தான் வாசித்திருப்பார் போல, டிரம்ஸ் கேட்க விட்டால்தானே என்று. கசக்கி எறிந்தேன். சரோஜா எடுத்து வந்து தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"ரெண்டு பேர்ல யார் சொல்றது நெஜம்?"

"உனக்கு இன்னா தெரியும்?" கத்திவிட்டேன். சாப்பிடாமல் படுத்தேன்.

மார்ச் 19, புதன்

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெரு. ரேடியோ கடையில் ரெக்கார்டைப் போடச் சொன்னேன். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். தெருவே கூடிவிட்டது. விசில். "அண்ணே, இன்னா அடி!"

மூன்றாவது பாட்டு. டென்னிஸ் தன் மகள் பிறந்தபோது போட்டது. அவன் மெதுவாக ஆரம்பிக்கிறான். நான் மேலே விழுகிறேன். அவன் திரும்ப எழுந்து வருகிறான். மறுபடியும் நான். கடைசிவரை அப்படியே. எல்லாரும் கை தட்டினார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். ரெக்கார்டை வாங்கிக்கொள்ளக்கூட மறந்து வந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சரோஜாவிடம், "மெட்ராஸ்காரன் சொன்னதுதான் நெஜம்" என்றேன். காபி வைத்தாள்.

சாயங்காலம் டென்னிஸ் வீடு.

"ஸ்டூடியோலயே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏம்பா சொல்லல?"

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே, மேன். எப்டி சொல்றது?"

மகள் பாட்டை வாசிக்கச் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு வருடம் அவன் பக்கத்திலேயே வாசித்திருக்கிறேன். அவன் இடது கை என்ன செய்கிறது என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.