சௌந்தரம் ஏன் இத்தாலிக்கு வரமாட்டாள்?

அருப்புக்கோட்டை,
12-6-1974

பம்பாயில் இருக்கும் மச்சான் சங்கரலிங்கம் அவர்களுக்கு ஐயாத்துரை வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கஸ்தூரியும் சுகம். உங்கள் தங்கை சௌந்தரம் சுகமா இல்லையா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வந்த கடிதத்தை நான் கடையில் நின்றுகொண்டு படித்துத்தான் மிளகாய் மூட்டைமேல் விழுந்தேன். உங்கள் மருமகன், என் சீமந்த புத்திரன் ராஜகுரு இத்தாலியில் சைக்கிள் ரேஸ் ஓடப் போகிறானாம். மில் மெஷின் பயிற்சிக்கு ஆறு மாதம் என்று சொல்லிப் போனவன் மூன்று வருஷமாக அந்த மெஷின் கம்பெனியிலேயே இருக்கிறான் அல்லவா? அந்தக் கம்பெனி ஆட்கள் வருஷா வருஷம் ஓடுகிற ரேஸாம். நூற்று இருபது கிலோமீட்டர், நடுவில் ஒரு மலை. இங்கே இருந்தபோது மிளகாய் சாம்பிள் பையைக் கொடுத்து மல்லாங்கிணறு வரை சைக்கிளில் போய் வாடா என்றால் டியூப் பஞ்சர் என்பான். அவன் மலை ஏறப் போகிறான்! போட்டோவும் வைத்திருக்கிறான். முழங்காலுக்கு மேலே ஒரு கறுப்பு டவுசர், மார்பில் நம்பர். எதிர்க்கடை வீரசோழன் ராவுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, “பையனுக்கு அங்க துணி கிடைக்கலையா ஐயாத்துரை?” என்றார்.

அடுத்த அதிர்ச்சி, எங்களையும் வரச் சொல்கிறான். ரேஸ் செப்டம்பர் எட்டாம் தேதி, ஞாயிறு. ஓடுகிறவர்கள் குடும்பத்துக்குக் கம்பெனியே நாலு நாள் தங்க இடம் கொடுக்குமாம். டிக்கெட்டை அவன் அனுப்புகிறானாம். இதில் ஒரு சிக்கல் மச்சான். ரேஸ் முடிந்ததும் இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போடப் போகிறான், அதுவரை ஊருக்கு வர லீவு கிடையாது என்று எழுதியிருக்கிறான். ஆக, செப்டம்பரில் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் ஐந்து வருஷம்.

நம் குடும்பத்தில் அவனுக்கு முன் கப்பல் ஏறினவனே கிடையாது. நான் திட்டம் போட்ட வேகத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். மதுரையில் ரயில் ஏறி மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், உங்கள் வீட்டில் ஒரு நாள், பிறகு விமானம். வெள்ளிக்கிழமை போய் இறங்குகிறோம். சனிக்கிழமை மலையைப் பார்க்கிறோம், ஞாயிறு ரேஸ், திங்கள் ரோமாபுரி, செவ்வாய் திரும்புகிறோம். தையற்காரரிடம் இரண்டு பேண்ட் தைத்து வாங்கிவிட்டேன். நாற்பத்தைந்து வயதில் முதல் பேண்ட். போட்டுக் காட்டினேன். கஸ்தூரி அரைமணி நேரம் சிரித்துவிட்டு, “அப்பா, வேட்டியே கட்டிக்கோங்க, அந்த ஊர்க்காரவுக பாவம்” என்றாள். மீசைக்கு மை மட்டும் கட்டாயம் எடுத்துப்போகிறேன்.

உங்கள் தங்கையும் முதல் இரண்டு நாள் பறந்துகொண்டுதான் இருந்தாள். “அவன் மலை இறங்குறப்ப நான் கண்ணை மூடிக்கிடுவேன், நீங்க சொல்லுங்க” என்றாள். மூன்றாம் நாள் தாலுகா ஆபீஸில் மனு எழுதுகிற கோட்டைச்சாமி பாஸ்போர்ட் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தான். அவன் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. அவன் காதில் விழுந்தது பஸ் ஸ்டாண்டுக்கு அவனுக்கு முன்னால் போய்விடும். உட்கார்ந்ததும், “அக்காவுக்கு என்ன வயசு? வாய்க்கணக்கெல்லாம் செல்லாது. பள்ளிக்கூடத்து சர்டிபிகேட்டு வேணும்” என்றான். அவள் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். திரும்பி வந்து, நான் வரவில்லை என்கிறாள்!

ஏன் என்று கேட்டால் மாடு கன்று போடப் போகிறதாம். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கிறேன் என்றால் விமானத்தில் வாந்தி வருமாம். அதற்கு எலுமிச்சம்பழம் என்றால் குலதெய்வம் கடல் தாண்ட உத்தரவு கொடுக்கவில்லையாம். சரி, பூக்கட்டிப் பார்ப்போம் என்று கோவிலுக்குப் போனோம். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டு பொட்டலத்தையும் அவளே கட்டினாள். பூசாரி பேத்தி எடுத்துக் கொடுத்தது சிவப்பு. நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மிச்சப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அதிலும் சிவப்பு அரளி!

எனக்குத் தலை சுற்றுகிறது மச்சான். மகன் பெயரைச் சொல்லி மூன்று வருஷமாகத் தபால்காரருக்கு மோர் கொடுக்கிறவள், சாமியையே ஏமாற்றி அவனைப் பார்க்காமல் இருக்க வழி பார்க்கிறாள். என்மேல் கோபமா? என்னோடு பரதேசம் போக வெட்கமா? அண்ணன் சொன்னால் கேட்பாள். அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றும் விளங்காத
ஐயாத்துரை


அருப்புக்கோட்டை,
3-7-1974

மச்சான் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். இருபத்தாறு வருஷமாக ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஜீரணம் கெடாமல் இருக்கிறவருக்கு என்ன வந்துவிடும்?

உங்கள் கடிதம் வந்தது. “அவளை வற்புறுத்த வேண்டாம் மாப்பிள்ளை, பெண்பிள்ளைக்குத் தூரப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது, நீங்களும் கஸ்தூரியும் போய் வாருங்கள்” என்று எழுதியிருந்தீர்கள். திருச்சுழியிலிருந்து பம்பாய்க்கு மூன்று கைக்குழந்தைகளோடு அக்காவை ரயிலேற்றினவர் எழுதுகிற எழுத்தா இது என்று அப்போதே எனக்கு உறுத்தியது.

போன திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் திருச்சுழி பஸ் ஏறினேன். சர்டிபிகேட் இல்லாததுதான் அவளுக்குக் குறை, நானே வாங்கிவந்து அசத்திவிடலாம் என்று நினைப்பு. நீங்கள் இருவரும் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது சோலைச்சாமி என்று ஒருவர் ஹெட்மாஸ்டர். தங்கமான மனிதர். பீரோவுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டி, விரலால் தடவிக்கொண்டே வந்து, “இந்தா இருக்கு, ந. சௌந்தரம், தகப்பனார் நல்லமுத்து. முப்பத்திரண்டாம் வருசம் ஜூன் மாசம் ஒண்ணாம் வகுப்புல சேர்ந்திருக்காக” என்றார்.

எனக்குச் சந்தோஷம். பிறகுதான் கணக்கு உறைத்தது. நம் வீட்டில் இருக்கும் ஜாதகப்படி அவள் பிறந்தது பிரசோற்பத்தி வருஷம், அதாவது முப்பத்தொன்று. அப்படியானால் ஒரு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மகா மேதை என் மனைவி! வேறு சௌந்தரமாக இருக்கும் என்றேன். அவர் விரலை நகர்த்தினார். பிறந்த வருஷம் 1927. கீழே உங்கள் தகப்பனாரின் கையெழுத்து. அந்த ‘ல்ல’வில் போடுகிற சுழியை நான் மறப்பேனா? என் கல்யாணப் பத்திரிகையிலும் அதே சுழிதானே?

“தண்ணி குடிக்கிறீகளா? மொகம் ஒரு மாதிரி போகுதே” என்றார் ஹெட்மாஸ்டர். இரண்டு செம்பு குடித்தேன்.

பிரபவ வருஷத்தில் பிறந்த பெண்ணை, மாதத்தையும் நட்சத்திரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, வருஷத்தை மட்டும் நாலு தள்ளி எழுதி என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். நான் இருபத்தொன்பதில் பிறந்தவன். இரண்டு வயது இளையவள் என்று நான் நினைத்தவள் இரண்டு வயது மூத்தவள்! இருபத்தாறு தீபாவளிக்கு அவள் என் காலில் விழுந்திருக்கிறாள். நானும் பெரிய ரிஷி மாதிரி கையைத் தூக்கியிருக்கிறேன். “நீ சின்னப்பிள்ளை, உனக்கு என்ன தெரியும்” என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! ஒருதடவையாவது அவள் முகத்தில் ஒரு சுளிப்பு வந்ததா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். இல்லை. இப்போது நினைத்தால் அப்போதெல்லாம் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொள்வாள். அழுதாளா சிரித்தாளா என்பது அடுப்புக்குத்தான் தெரியும்.

மறைக்காமல் சொல்கிறேன், கோபம் வந்தது. உங்கள் வீட்டு நாய்க்குட்டிவரை அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டினேன். ஊருக்குத் தெரிந்தால் கடையில் உட்கார முடியுமா? மூத்த பெண்ணைக் கட்டினால் புருஷன் ஆயுசு குறையும் என்கிற ஊர் இது. கோட்டைச்சாமி ஒருவன் போதும், ஆள் ஆளுக்கு வந்து நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பஸ் பாதி வழி தாண்டினபோது இன்னொரு கணக்கு தானாக வந்து நின்றது. அந்த நாலு வருஷம் எங்கே போனது? உங்கள் அம்மா பக்கவாதத்தில் நாலு வருஷம் கிடந்தார்கள், எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டினது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஜாதகக் கணக்கில் அப்போது அவள் சின்னப்பெண். பதினாறிலிருந்து இருபதுவரை அவள் செய்ததையெல்லாம் ஜாதகத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் அவளுக்கு மாப்பிள்ளை தேட முடிந்திருக்கிறது. நீங்கள் செய்தது தப்பு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவள் கறிவேப்பிலைப் பொடி இடித்து டின்னில் அடைத்துக்கொண்டிருந்தாள். மகனுக்காம். நாங்கள் கொண்டுபோக வேண்டுமாம். என்னைப் பார்க்காமலே கேட்டாள்: “ரேஸு ஓடுறப்ப நீங்க எந்தப் பக்கம் நிப்பீக?”

ரோட்டோரமாக என்றேன்.

“நீங்க குட்டை. கூட்டத்துல அவன் கண்ணுக்குத் தெரியமாட்டீக. கல்லு கில்லு கெடந்தா மேல ஏறி நில்லுங்க. அம்மா வந்திருக்காளான்னு தேடுவான். வரலன்னு முன்னாடியே சொல்லிருங்க. தேடிக்கிட்டே வந்தா மலையில விழுந்துருவான்.”

நான் திட்ட வந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சோறு போடச் சொன்னேன். இரண்டு கவளம் உள்ளே போனதும் நான் சொன்ன பொய்யைக் கேளுங்கள்.

“சௌந்தரம், நான் ஒரு குத்தவாளி. உங்கிட்ட மறைச்சிட்டேன். எங்க அப்பா என் வயசக் குறைச்சு ஜாதகம் எழுதிட்டாரு. நான் அட்சய வருசத்துப் பிள்ளை. எனக்கு நாப்பத்தஞ்சு இல்ல, நாப்பத்தெட்டு. கோட்டைச்சாமி பாரத்தக் கொண்டுவந்ததுலருந்து எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. உனக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பியோன்னு.”

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

“நெசமாவா?”

“நெசம். பள்ளிக்கூடத்துல பாக்கலாம்னா எங்க பதிவேட்டைக் கரையான் தின்னுருச்சு. சத்தியக் கடுதாசிதான் வாங்கணும்.”

கரையான் தின்றது மட்டும் உண்மை மச்சான். அந்தக் கரையான்களுக்கு மோட்சம் கிடைக்கட்டும்.

என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். நான் குனிந்து ரசத்தைப் பிசைந்தேன். திருச்சுழி பஸ் டிக்கெட் சட்டைப்பையில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாளா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள். நான் கேட்கவில்லை.

“அப்ப பாரத்துல மொதல்ல உங்க வயச எழுதுங்க. மை காஞ்சதும் என் வயசச் சொல்லுதேன்” என்றாள். “கோட்டைச்சாமி வேண்டாம். கஸ்தூரி எழுதட்டும்.”

இப்போது உங்களிடம் வருகிறேன். என்னை அறிந்த, என்னைவிட மூத்த ஒருவர் என் பிறந்த வருஷத்தைச் சத்தியம் செய்து எழுதித் தரவேண்டும். ராவுத்தரைக் கேட்டேன். “பொய்க் கையெழுத்துன்னா அல்லா பொறுக்கமாட்டாரு, மிளகாப் பொடி வேணும்னா தாரேன்” என்றுவிட்டார். நீங்கள்தான் கதி. நான் 1926-இல் பிறந்தவன் என்று எழுதி, வக்கீல் முத்திரையோடு அனுப்புங்கள். தங்கைக்காக நாலு வருஷத்தைக் குறைத்த வீடு, மைத்துனனுக்காக மூன்று வருஷத்தைக் கூட்டக் கூடாதா? கையெழுத்துப் போடும்போது யோசனை வந்தால் உங்கள் அம்மாவை நினைத்துக்கொண்டு போடுங்கள்.

தாமதிக்காதீர்கள். பாஸ்போர்ட் வர ஐந்து வாரம் ஆகுமாம். உங்கள் வீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் செப்டம்பர் நாலாம் தேதி வாக்கில் வருவோம். அப்போது அவளிடம் வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்க வேண்டாம், கண்ணையும் காட்ட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். பிரயாணம் நல்லது, போய் வா என்று எழுதுங்கள். எழுதிவிட்டுக் கீழே, பேச்சுவாக்கில் வருகிற மாதிரி, உன் வீட்டுக்காரர் சின்ன வயதில் கிட்டத்தட்ட என் செட்டுத்தான், எனக்கு ஒரு வயதுதான் இளையவர் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதினால் நம்பாவிட்டாலும் அதை மடித்து வைத்துக்கொள்வாள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். இனி எனக்கு அந்த வயது உண்டு.

இப்படிக்கு,
அட்சய வருஷத்தில் பிறந்த
ஐயாத்துரை