ஆண்ட்ரூஸ் போட்ட வேடங்களில் எனக்குப் பிடித்தவை

அன்பு மகள் ஸ்வீட்டிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னைச் சொல்லி வேண்டிக்கொள்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, புதுக்கோட்டை டாக்டர் கொடுத்த தைலம் கேட்கிறது. கிணற்று மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோய் மறுபடி கட்டிக்கொண்டு வந்தேன், கடலைக்குத் தண்ணீர் பாய்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் மற்ற விஷயத்தைப் போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் உன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வரும் கீரனூர்ப் பெண்ணிடம் பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

போன வாரம் நீ கேட்டாய், அந்த ஆண்ட்ரூஸ் நடிக்கும் படத்தையெல்லாம் அப்பா போய்ப் பார்க்கிறாராமே, வெட்கமாக இல்லையா என்று. இல்லை. உனக்கும் அவனுக்கும் கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டியதில் இரண்டு ஞாயிறு வாசித்த பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் சென்னைக்குப் பஸ் ஏறியவன் அவன். மூன்றாம் ஞாயிறு சாமியார் உங்கள் பெயர்களை விட்டுவிட்டு அடுத்த ஓலைக்குப் போனபோது கோவிலே திரும்பி நம்மைப் பார்த்தது, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உனக்காக நம் கூடத்தில் உட்கார்ந்து கிட்டாரில் கட்டின பாட்டைத்தான் அங்கே போய்ப் பாடிப் பெரிய ஆளானான். மினி பஸ்ஸில் அதைப் போட்டால் நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி வீட்டுக்கு நடந்துவிடுவேன். பாட்டெழுதிப் பாடிக்கொண்டிருந்தவன் நடிக்கவும் போனான் பார், அன்றைக்குத்தான் எனக்கு வழி பிறந்தது. பாட்டில் அவனை யாரும் அடிக்க முடியாது, படத்தில் அடிக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவன் கந்துவட்டிக்காரனாக வந்த படம். கடைசியில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவனைச் சாணிக் குழியில் தள்ளுவார்கள். நான் கைதட்டியதைப் பார்த்து அவனுடைய ரசிகர் போலிருக்கிறது என்று பக்கத்து சீட்டுக்காரர் எனக்குப் பாப்கார்ன் நீட்டினார். அடுத்தது போலீஸ்காரனாக வந்து கதாநாயகியிடம் அறை வாங்கியது, அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும், கை சரியான இடத்தில் விழுந்தது. இன்னொன்றில் பாம்பு கடித்துச் செத்தான், ஆனால் இடைவேளைக்கு முன்பே சாகடித்துவிட்டார்கள், அந்த டைரக்டருக்கு விவரம் போதாது. பிடிக்காத வேடமும் ஒன்று உண்டு, காதலித்த பெண்ணுக்காகக் கடைசிவரை காத்திருக்கிறவனாக வருவான். தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது, நான் எழுந்து வெளியே வந்து டீ குடித்தேன். நடிப்பு நன்றாகத்தான் இருந்தது என்று உன் அம்மா சொன்னாள், அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஈஸ்டரை ஒட்டி நடக்கும் நம் ஊர்ப் பாஸ்கா நாடகத்தில் சேசு வேடத்துக்கு அவனைக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. தலைவர் அருளப்பன் என் முகத்தைப் பார்த்தார். முதலில் கை தூக்கியதே நான்தான். சந்தனராஜுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் உருகிவிட்டார்கள். சேசுவைக் கல்தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கிற சேவகன் வேடம் வருஷா வருஷம் எனக்குத்தான் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. பழைய சேலையைத் திரித்துச் சிவப்புச் சாயத்தில் நனைத்து அடிப்பது வழக்கம், வலிக்காது, கறை மட்டும் பிடிக்கும். இந்த வருஷம் சேலை வேண்டாம் என்று சந்தையில் நல்ல புளிச்சநார்க் கயிறாகப் பார்த்து வாங்கி, முடிச்சுப் போட்டு ஊற வைத்தேன். அம்மா கேட்டதற்குக் கன்றுக்குட்டிக்கு என்றேன். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை நானும் மறந்தேன், கமிட்டியும் மறந்தது. வேடம் கட்டுகிறவர்கள் யாரோடு கசப்பு இருந்தாலும் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்குள் அந்த வீட்டு வாசலுக்குப் போய்க் கை பிடித்துச் சமாதானமாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேருக்குமே வேடம் கிடையாது. அதற்குள் அவன் முள்முடியோடு நிற்கும் போஸ்டரை அடித்துப் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். அவனை அடிக்க வேண்டுமானால் முதலில் நான் மன்னிக்க வேண்டும். மன்னித்துவிட்டு அடிப்பதில் எனக்கு என்ன கிடைக்கப் போகிறது.

செவ்வாய்க்கிழமை அருளப்பனோடு காரில் வந்து இறங்கினான். வாசலில் நின்று, "மாமா, சினிமா ஆசையில புத்தி கெட்டுப் போயிட்டேன், மன்னிச்சுருங்க" என்று கையை நீட்டினான். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "யாருக்கு யாரு மாமா" என்று கேட்டேன். பக்கம் பக்கமாக வசனம் பேசுகிறவன் நீட்டிய கை நீட்டியபடி நின்றான், தெருவே பார்த்தது. அவன் போட்ட வேடங்களிலேயே சிறந்தது இதுதான், பார்க்க நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. உன் அம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், சீனிக்குப் பதில் உப்புப் போட்டிருந்தாள். முகம் சுளிக்காமல் குடித்தான், நடிகன் அல்லவா. அருளப்பன், "ஊருக்காகவாச்சும் கையக் குடுங்கண்ணே" என்று கெஞ்சினார். நான் வீம்பில், "நொந்தது எம்மக மனசு, அவ மன்னிச்சுட்டேன்னு சொல்லட்டும், அப்பக் கையத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும் சொன்ன சொல், இனி மாற்ற முடியாது. உன் நம்பரைக் கேட்டான், நான் தரவில்லை, எப்படியாவது வாங்கிவிடுவான்.

உன் மனசு எனக்குத் தெரியும், அடுத்த வார்டு நோயாளி அழுதாலும் சேர்ந்து அழுகிறவள் நீ. அவன் குரலைத் தழுதழுக்க வைப்பான், அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம், நம்பாதே. எனக்கு வேடம் போனால் போகட்டும், கூட்டத்தோடு கூட்டமாகப் பாயில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு பார்க்கிறேன். அந்தப் போஸ்டர் மேல் வேறொருவன் படத்தை ஒட்டுவதை அவன் நின்று பார்க்க வேண்டும், எனக்கு அது போதும்.

வேளைக்குச் சாப்பிடு, காலுறை இல்லாமல் வெளியே போகாதே, பூசைக்குப் போவதை விடாதே. பெரியநாயகி மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். ஆத்தா, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று ஞாயிறு தவறாமல் பரலோக மந்திரத்தில் சொல்கிறவன் நான், மன்னிக்காதே என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மன்னிப்பதானால் ஈஸ்டர் முடிந்த பிறகு மன்னி.

உன் அன்புள்ள அப்பா
சந்தனராஜ்