மண் பூசிய நான்காவது பக்கம்

கணியம்பாடியில் என் வீட்டுத் தெருவுக்கு இன்று ரோடு போடுகிறார்கள். காலையிலிருந்து தார் காய்கிற வாசனை. மருமகள் ஜன்னலைச் சாத்தினாள்; நான் எழுந்து போய்த் திறந்தேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது. சொல்ல வேண்டியதை நீ இருந்தபோதே சொல்லியிருந்தால் இந்தக் காகிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

வாலிபத்தில் உங்கள் மலையில், நெல்லிவாசல் நாட்டில், அந்தச் சின்ன மருந்தகத்தை நாம் இருவரும்தான் எழுப்பினோம். மலைமேல் செங்கல் ஏற்ற வழியில்லை. அதனால் அடித்தளம் மட்டும் கான்கிரீட். அதன்மேல் மரச்சட்டம், பலகைச் சுவர். தளம் என் வேலை, மரம் உன் வேலை. உன் சட்டம் நூல் பிடித்தாற்போல் இருந்தது. என் தளம்தான் மேடும் பள்ளமும். இரண்டுக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. தாரில் தோய்த்த கயிற்றை அதில் திணித்து இறுக்கிக்கொண்டே வந்தோம். மூன்று பக்கம் முடிந்ததும் தார் தீர்ந்துவிட்டது. மறுநாள் காண்டிராக்டர் பார்க்க வருகிறார்.

“சாணியும் செம்மண்ணும் கொழைச்சி அடைச்சிடு. மேல சுண்ணாம்பு அடிச்சா எவனுக்குத் தெரியும்?” என்றேன்.

“மண்ணு காஞ்சா சிமிட்டிய வுட்டுப் பிரிஞ்சிடும் மேஸ்திரி. ரெண்டு நாளு பொறுங்க. நானே செங்கம் போய்ட்டு தார் வாங்கியாறேன்.”

“உங்க வூடெல்லாம் மண்ணுலதானே நிக்குது?”

“அங்க தரையும் மண்ணு, செவுரும் மண்ணு. வருசா வருசம் பூசுறோம். இத யாரு பூசுவாங்க?”

மலைக்காரன் எனக்குப் பாடம் சொல்வதா என்று சுருக்கென்றது. நீ அதில் கை வைக்கவில்லை. நானே அடைத்துச் சுண்ணாம்பும் அடித்தேன்.

மருந்தகம் திறந்தபின் பக்கத்திலேயே நர்சம்மாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழையில் அந்தப் பக்கம் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. பிள்ளை பெற்று மூன்றே நாளான ஒருத்தி பாயில் படுத்திருந்தாள். தாயும் குழந்தையும் நனைந்து விறைத்துப்போனார்கள். நர்சம்மா அடுப்பு மூட்டி, எப்படியோ தேற்றிவிட்டாள். மழை விட்டதும் காண்டிராக்டர் வந்தார். ஊர்ச் சனம் சுற்றி நிற்க, “இந்தப் பக்கம் யாரு அடைச்சது?” என்று கேட்டார்.

“மலைக்காரன் செஞ்சதுங்க. நான் சரியா பாக்கல” என்றேன்.

“இன்னா மேஸ்திரி?” என்று மட்டும் கேட்டாய். நான் குனிந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பூச்சுக் கரண்டியை மறுபடி கழுவ ஆரம்பித்தேன்.

நீ மறுத்திருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள்? அன்றே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன்பின் கீழிருந்து வந்த எவரும் உன்னை மரவேலைக்குக் கூப்பிடவில்லை. நீ சாமைக் கொல்லையோடு நின்றுபோனாய். நான் நல்ல பேரோடு ஊர் ஊராகக் கட்டடம் கட்டினேன்.

அடுத்த வாரமே நீ செங்கத்திலிருந்து தார் டின்னைத் தலையில் சுமந்து வந்து, என் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தை ஒழுங்காக அடைத்தாயாம். “பச்சப்புள்ளைங்க படுக்குற எடம்” என்றாயாம். நர்சம்மா பிறகு சொன்னாள். பார்த்த சனமோ, தப்புச் செய்தவனே வந்து சரிசெய்கிறான் என்று முடிவுகட்டிவிட்டது. அதைக் கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

உன் காரியத்துக்கு வந்திருந்தேன். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஜீப்பில் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் மகன் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றான்.

“எங்கப்பா செஞ்ச தப்பால அன்னிக்கி உங்களுக்கும் தலகுனிவு ஆயிருக்கும். மனசுல வெச்சிக்காதீங்க பெரிப்பா” என்றான்.

“வெச்சிக்கலப்பா” என்றேன்.

நீ செய்யாத தப்புக்கு உன் பிள்ளை கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிட்டேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவனிடம் திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை மேலே ஏற வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.