தாழ்ப்பாள் நெசம், இசக்கிராஜா பொய்

2026 ஜனவரி 4, ஞாயிறு

என் தொடர்கதையின் மூன்றாம் அத்தியாயத்துக்குச் செல்போனில் வந்த ஒரே கருத்து: 'இவர்கள் எப்போது பார்த்தாலும் நிலாவையே பார்க்கிறார்களே, வேறு வேலை கிடையாதா?'

வலித்தது. ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் வெங்காய மண்டிக்கு மேல்மாடியில் குடியிருக்கிற நான் காதலை எங்கே போய்ப் பார்ப்பேன்? இந்தத் தெருவில் கண்ணீர் விடுகிறவர்கள் எல்லோருக்கும் காரணம் வெங்காயம்தான்.

அப்பாவின் போனில் ஆடு கத்துகிற ரிங்டோன் வைத்தேன். ஒரு குட்டு.

ஜனவரி 11

அக்காவுக்கு நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பாண்டியராஜன், ஏலூரில் ஒரு உரக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம்: நிச்சயம் ஆன ஜோடி வெளியே போகலாம், ஆனால் துணைக்கு வீட்டிலிருந்து ஒரு சின்னது போக வேண்டும். சின்னது நான்.

"கூடவே இருக்கணும், கேட்டியா?" என்றார் அப்பா. கேட்கத்தானே போகிறேன்.

ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை. இரண்டு பேருக்கும் நடுவில், கையில் கப்பைக்கிழங்கு சிப்ஸோடு, காது இரண்டையும் தீட்டிக்கொண்டு நான். அவர்கள் பேசியது:

"எங்க வீட்டு பாத்ரூம்ல தாழ்ப்பாள் விழாது, ரோஜா. எங்கம்மா குளிக்கும்போது பாடும். பாட்டு கேட்டா ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம்."

"எனக்குப் பாட வராதே."

"கல்யாணத்துக்கு முன்ன மாத்திருதேன்."

"எதுக்கு? இருமிக்கிடுதேன்."

அவ்வளவுதான். கை படவில்லை, கண் கலங்கவில்லை. நிலாகூட வரவில்லை, யாரும் தேடவும் இல்லை. ஆனால் அக்கா பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். எதற்கு?

ஜனவரி 13

ஒன்றும் தோன்றாமல் அந்தப் பேச்சை அப்படியே நான்காம் அத்தியாயமாக்கிவிட்டேன், இருமல் உட்பட. பெயர்கள் மட்டும் ஆதவன், தாமரை. கருத்துகள் குவிகின்றன. 'அப்படியே எங்கள் வீட்டுக்காரர்.' 'இருமிக்கிடுதேன் என்ற இடத்தில் அழுதுவிட்டேன்.'

தாழ்ப்பாளில் இருக்கிறதா காதல்? இதற்கா இத்தனை நாள் நிலாவைக் கட்டி இழுத்தேன்?

ஜனவரி 18

மறுபடி துணை. இன்றைக்கு இருவரும் மோரில் உப்பு போடலாமா கூடாதா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். ஐந்தாம் அத்தியாயம் தயார். ஒருத்தர் மட்டும் கேட்டிருக்கிறார்: 'எல்லாம் சுகமாகப் போகிறதே, ஒரு வில்லன் வேண்டாமா?'

ஜனவரி 20

வில்லன் வந்தாயிற்று. தாமரையை முன்பு ரெண்டு வருஷம் காதலித்தவன். பெயர் இசக்கிராஜா. தோப்பும்படி ஹார்பரில் ஐஸ் பெட்டி தூக்குகிறான். தாடி, சிவந்த கண், பெருமூச்சு. பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் ஆறாம் அத்தியாயத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஜனவரி 23

செத்தேன்.

அத்தானின் அம்மா மாயம்மாள் அத்தை மத்தியானம் முழுக்க செல்போனில் தொடர்கதை படிக்கிறவர் என்று எனக்கு யாராவது சொன்னார்களா? நான்காம் அத்தியாயத்தில் தன் வீட்டு பாத்ரூமைக் கண்டதும் எழுதியது யார் என்று புரிந்து, சிரித்திருக்கிறார். ஆறாம் அத்தியாயத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் கேட்டோம்.

"தாழ்ப்பாள் நெசம். மோரு நெசம். ஐஸ்காரப் பய மட்டும் எப்படிப் பொய்யாவான்? மண்டபம் பேச வேண்டாம், மதினி. யோசிப்போம்."

"நான் சும்மா எழுதினது" என்றேன். அம்மாவே நம்பவில்லை. ஆட்டு ரிங்டோனையும் நான் வைக்கவில்லை என்று இதே மாதிரிதான் சத்தியம் செய்திருந்தேன். அக்கா இல்லவே இல்லை என்று சொல்லச் சொல்ல, அதுவும் இருக்கிற மாதிரியே கேட்கிறது.

அக்கா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். பாயைச் சுருட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள்.

ஜனவரி 24

அத்தான் போன் செய்யவில்லை.

இல்லாதவனை இல்லை என்று எப்படிக் காட்டுவது? ஹார்பரில் போய்த் தேடலாமா? போய், அந்தப் பெயரில், தாடியோடு எவனாவது திரும்பிப் பார்த்துவிட்டால்?

ஜனவரி 25

அம்மா என்னை ஏலூருக்கு இழுத்துப் போனாள். அத்தான் சுவரோரம் நின்றார், என்னைப் பார்க்கவில்லை. மாயம்மாள் அத்தை சாயா கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தப் பய சாயாவுக்குச் சீனி போடுவானா, மாட்டானாட்டி?"

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது: போடமாட்டான், அவள் போட்டுக் கொடுத்தால் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குடிப்பான். ஐயோ, என்ன வரி. இதுவரை எனக்கு இப்படி ஒன்று வந்ததே இல்லை. சாயாவோடு சேர்த்து விழுங்கினேன்.

"தெரியாது, அத்தை."

"அவன் அம்மா பேரு?"

"தெரியாது."

"ரெண்டு வருசம் பழகுனானே, எதுக்குச் சண்ட போடுவான்?"

"சண்டையே போடமாட்டான். பெருமூச்சு விடுவான்."

அத்தை மகன் பக்கம் திரும்பினார். "ஏலே பாண்டி, இப்படி ஒருத்தன் கெடையவே கெடையாதுலே. வெறும் தாடி."

இதைவிட மோசமான விமர்சனம் இனி எனக்கு வராது. அம்மா சிரித்துவிட்டாள். நான் அழுதேன். எதற்கென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும்போது அத்தான் வாசலில் கேட்டார்: "அதுல ஆதவனுக்கு ஏன் கோவமே வரல?"

"எழுதத் தெரியல, அத்தான்."

"எனக்கு வந்துச்சு. ரெண்டு நாளா சோறு எறங்கல."

வீட்டுக்கு வந்து இதை அக்காவிடம் சொன்னேன், என் சரக்கு ஒன்றும் சேர்க்காமல். அவள் பாய் எங்கள் அறைக்குத் திரும்பி வந்தது.

பிப்ரவரி 8

மண்டபம் பேசியாயிற்று, சித்திரையில். இசக்கிராஜாவை நீக்கிவிட்டேன், யாரும் கேட்கவில்லை, பாவம்.

இன்று மூன்று பேரும் வாட்டர் மெட்ரோ படகில் போனோம். "நீ முன்ன போய் உக்காரு" என்றாள் அக்கா. அவர்கள் கடைசி வரிசை. பின்னால் அத்தான் ஏதோ சொன்னார், அவள் ஏதோ சொன்னாள். மோட்டார் சத்தத்தில் ஒரு சொல்கூட என் வரைக்கும் வரவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை.

ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்துவிட்டது: அக்காவின் துப்பட்டா நுனி அத்தானின் சுண்டுவிரலில் சுற்றியிருந்தது. அவர் அதைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக இருந்தார்.

ஏழாம் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். அதில் படகு இருக்கிறது, காயல் இருக்கிறது. துப்பட்டா இல்லை.