என் பக்கத்துப் பிரேக்

பிப்ரவரி 3, செவ்வாய்

வலது கால் மறுபடியும். படி இறங்கும்போது பாதத்திலிருந்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது. உட்கார்ந்து செய்யும் வேலையில் கால் எப்படி வலிக்கும் என்று தம்பி கேட்கிறான். அவனுக்கென்ன, எங்கள் டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் போன் எடுப்பவன். ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் தினமும் ஆறு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இன்று ஓட்டக் கற்க வந்தது பல்கலைக்கழகக் கூட்டம். நூறு பேர் எழுதினால் மூன்று பேருக்கு இடம் கொடுக்கும் பல்கலைக்கழகம். அந்த மூன்று பேரில் ஒருவன் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே பாடம் எடுத்தான். எடுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி குலுங்கி அணைந்தது. சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாக்கா?" என்று சிரித்தான்.

சும்மா சொல்லவில்லை, கணக்கிருக்கிறது. இரண்டு வருடத்தில் அங்கிருந்து வந்தவர்கள் பதினெட்டு பேர். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை தவறியவர்கள் பதினான்கு. மற்றவர்களில் பத்துக்கு இரண்டு பேர்கூடத் தவறுவதில்லை. ஆய்வாளர் கொடுத்த சீட்டுகளை எல்லாம் ஒரே கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே காரணம்தான்: பிரேக் தாமதம். அவர்கள் யோசிக்கிறார்கள். யோசித்து முடிப்பதற்குள் எதிரே வருகிறவர் வந்துவிடுகிறார்.

பிப்ரவரி 5, வியாழன்

"மீட்டர்" திரும்பி வந்திருக்கிறாள். "எத்தனை மீட்டருக்கு முன்னாடி மிதிக்கணும் மேடம்?" என்றே கேட்பதால் நான் வைத்த பெயர். டிசம்பரில் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை தேர்வில் தவறியவள். மூன்றாவது தேர்வு மார்ச் 12.

இந்த முறை முகத்தில் சிரிப்பில்லை. ஆறுகளில் நீர்மட்டம் அளக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். தனியாக ஜீப் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். மார்ச் 15க்குள் லைசென்ஸ் நகல் அனுப்பாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"ரெண்டு வருஷமா இதுக்காகத்தான் மேடம் படிச்சேன். ஒரு பெடலால போயிடும் போல."

பணக்கார வீட்டுப் பெண் என்று நினைத்திருந்தேன். இரண்டு பஸ் மாறி வருகிறாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குத் தலைக்கனம், மனிதர் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள் என்றும் நினைத்திருந்தேன். நான் நொண்டுவதை இன்று முதலில் கவனித்தவள் அவள்தான். சரி, ஒருத்தி விதிவிலக்கு.

பிப்ரவரி 7, சனி

பல்கலைக்கழகக் கூட்டம். வலி.

பிப்ரவரி 11, புதன்

டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு எந்தெந்த நாளில் வலி அதிகம் என்று கேட்டார். நினைவில்லை என்று சொல்லிவிட்டு வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். செவ்வாய், வியாழன், சனி. போன மாதமும் செவ்வாய், வியாழன், சனி.

அந்த மூன்று நாளும்தான் பல்கலைக்கழகப் பிள்ளைகள். புதன், வெள்ளியில் கடைக்காரர்கள், ஒரு தையல்காரம்மா, மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்ஸ்கள். அதே வண்டி, அதே தெரு, அதே சீட். பின்னே ஏன்? படித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் கால் வலிக்குமா? இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

பிப்ரவரி 18, புதன்

வண்டியை சர்வீசுக்கு விட்டேன். மெக்கானிக் கீழே குனிந்தவர் எழுந்திருக்காமலே கேட்டார், "யாருக்கா இந்த வண்டியை ஓட்டறது?"

பயிற்சி வண்டியில் பிரேக் இரண்டு. ஓட்டுபவர் காலடியில் ஒன்று, என் காலடியில் ஒன்று. என்னுடையது ஆபத்துக்கு மட்டும். மாதத்தில் பத்துத் தடவை மிதித்தாலே அதிகம் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன்.

"வண்டி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஓட்டறவங்க பக்கம் பெடல் ரப்பர் பெருசா தேயல. உங்க பக்கம் வழுக்கையாயிடுச்சு பாருங்க."

குனிந்து பார்த்தேன். தடவியும் பார்த்தேன். கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. மட்டமான ரப்பர் போட்டிருப்பார்கள் என்றேன். இரண்டும் ஒரே பெட்டியில் வந்ததுதான் என்றார். ஏன் அவர்மேல் எரிந்து விழுந்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

மகளுக்கு மதிய ஷிப்ட். காலையில் பின்சீட்டில் வந்து உட்கார் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. சும்மா என் காலைப் பார்த்துக்கொண்டு வா என்று மட்டும்.

மீட்டர் ஓட்டினாள். நாற்பது நிமிடம். அவளை இறக்கிவிட்ட பிறகு மகள் உள்ளங்கையைக் காட்டினாள். பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தாள். ஐம்பத்து மூன்று.

"அவங்க காலை எடுத்து வைக்கறதுக்குள்ள நீ மிதிச்சிடறம்மா. ஒவ்வொரு தடவையும். வண்டி நின்னதும் அவங்களே நிறுத்தினதா நினைச்சுக்கறாங்க."

இல்லை என்றேன். சத்தமாகவே சொன்னேன். ஆபத்து இருந்தது, அதனால்தான் என்றேன். "ஐம்பத்து மூணு ஆபத்தா?" என்று கேட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று நானே எண்ணினேன். தையல்காரம்மா: இரண்டு. மளிகைக்கடைக்காரர்: ஒன்று, அதுவும் நாய் குறுக்கே வந்ததால். மளிகைக்காரர் மீட்டரைவிட மோசமாக ஓட்டுகிறார். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என் கால் மடங்கி சீட்டுக்கடியில் போய்விடுகிறது. நான் மடக்கவில்லை. அதுவாகப் போகிறது.

அப்படியென்றால் பதினான்கு பேர்? தேர்வன்று பக்கத்தில் ஆய்வாளர் உட்கார்ந்திருப்பார். அவர் மிதிக்கமாட்டார். என் வண்டியில் ஒரு தடவைகூட பிரேக் போட்டுப் பழகாதவர்களை நான்தானே அனுப்பினேன்? கம்பியில் அந்தச் சீட்டுகளைக் குத்தி வைத்துக்கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேனே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஆனால் கிளட்ச் பாடம் எடுத்தவன் நிஜம்தானே? மீட்டர் கணக்குக் கேட்பதும் நிஜம்தானே? அவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் எது அவர்களுடையது, எது என் கால் செய்தது? பிரிக்கத் தெரியவில்லை. முதல் தடவையிலேயே தேறிய நாலு பேரை ஏன் ஒரு நாளும் எண்ணவில்லை? அவர்களை "அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டு மறந்துபோயிருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டில் மகளிடம் கேட்டேன், எனக்கு ஏன் அவர்களைக் கண்டால் இப்படி? அவள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி இடம் கிடைக்காதவள். அதனால் இருக்குமோ என்று நானாகச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"எனக்குக் கிடைக்கலன்னு நான் ஒரு வாரம் அழுதேன். நீ நாலு வருஷமா அழற."

பிப்ரவரி 24, செவ்வாய்

புத்தி கெட்டவள் நான். மீட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், திடீரென்று காலை எடுத்துக்கொண்டேன். தானாகப் பழகட்டும் என்று. சொல்ல வெட்கம், அதுதான் நிஜம். நின்றிருந்த லாரி நெருங்கி வருகிறது, அவள் கால் பெடலைத் தேடுகிறது, நான் மிதிக்கலாமா வேண்டாமா என்று - யோசித்தேன். நான் யோசித்தேன். மெதுவாகப் போய் முட்டிவிட்டது. முன் விளக்கு போச்சு. யாருக்கும் அடியில்லை.

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து, சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள் அவள்.

"எனக்கு வராது மேடம். முதல் நாளே நீங்க சொன்னீங்கல்ல, எங்க ஆளுங்களுக்குக் கண்ணுல பட்டது காலுக்குப் போறதுக்கு நேரமாகும்னு. அதான் நிஜம். அந்த வேலைக்கு வரலன்னு எழுதிடறேன்."

என் கால் செய்ததை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போ, எழுதாதே, வியாழக்கிழமை வா என்று மட்டும் சொன்னேன்.

வருவாளா?

பிப்ரவரி 26, வியாழன்

வந்தாள். கடைசி வகுப்பு, சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றாள். வண்டியை நிறுத்திய இடத்திலேயே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர், மகள் கையில் போட்ட கோடு, மளிகைக்காரர், கம்பியில் குத்திய சீட்டுகள். என் பக்கத்துப் பெடலைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

குனிந்து ரப்பரைத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப நான் ஒரு தடவைகூட நிறுத்தினதே இல்லையா?"

"இல்லம்மா."

"ரெண்டு தேர்வுக்கும் பிரேக்கே போடாத ஆளாத்தான் போனேனா?"

"ஆமா. என் தப்பும்மா."

அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள். கதவைத் திறந்து இறங்கி, வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, மறுபடி வந்து உட்கார்ந்தாள். ஹாஸ்டலில் எல்லாரும் இதைச் சொல்லித்தான் சிரிப்பார்களாம்: நமக்கு வண்டி வராது, சமைக்க வராது, பழக வராது. "சிரிச்சுக்கிட்டே சொல்லுவோம் மேடம். அதுல கொஞ்சம் பெருமையும் இருக்கும். நான் நம்பிட்டேன்."

வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாயா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். எழுதி வைத்திருக்கிறாள், அனுப்பவில்லை.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு," என்றாள். "ஞாயித்துக்கிழமையும் வருவீங்களா?"

மார்ச் 1, ஞாயிறு

காலி மைதானம். என் கால் இரண்டையும் சீட்டின்மேல் மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஐம்பது வயதில் சர்க்கஸ். நான் "நிறுத்து" என்றதும் அவள் நிறுத்த வேண்டும். முதல் இருபது தடவை நெற்றி கண்ணாடியில் போய் இடிக்காத குறை. நாற்பதாவது தடவை, முன்னால் நிறுத்தி வைத்த தண்ணீர் பாட்டில் சாயவில்லை.

எத்தனை மீட்டர் என்று கேட்கவில்லை அவள். இறங்கிப் போய்ச் சக்கரத்தடத்தைக் காலடியால் அளந்துவிட்டு வந்தாள். அந்தப் பழக்கம் அவளுடையதுதான், நான் கொடுத்ததில்லை. அதனால்தான் பிரேக் சீக்கிரம் வசப்பட்டது என்றும் தோன்றுகிறது. இனி என்னத்தைச் சொல்ல.

மார்ச் 7, சனி

நெரிசலில் ஓட்டினாள். என் கால் மூன்று தடவை கீழே இறங்கப் பார்த்தது. பிடித்து வைத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, கையாலேயே பிடித்து வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

தேர்வு. ஆய்வாளர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். எங்கள் வண்டி தெருமுனை திரும்பும்வரை லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் நின்றேன். தம்பி இரண்டு தடவை போன் செய்தான், எடுக்கவில்லை.

இருபத்திரண்டு நிமிடம். திரும்பி வந்து, கோட்டுக்குச் சரியாக முன்னால் நின்றது வண்டி. அவளே நிறுத்தினாள்.

பாஸ். சீட்டை என்னிடம் நீட்டினாள். பிரேக் என்ற வரியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. என்ன முகத்தை வைத்துக்கொண்டு எதிர்பார்த்தேனோ. அவள் கேட்டது வேறு.

"மத்தவங்க நம்பரெல்லாம் இருக்கா மேடம்?"

மார்ச் 18, புதன்

கம்பியிலிருந்து சீட்டுகளை உருவினேன். முதல் தடவை தவறியவர்களில் மீட்டரைத் தவிர ஐந்து பேர் பிறகு எப்படியோ தேறிவிட்டார்கள். விட்டே போனவர்கள் எட்டு பேர். இரண்டு நாளாகக் கூப்பிடுகிறேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்று பேர் நான் யாரென்றே மறந்துவிட்டார்கள், ஒருத்திக்கு நேரமில்லை. ஒருவன் சனிக்கிழமை வருகிறேன் என்றான்.

கடைசியாக நான் கூப்பிட்டவர் இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் கற்று முதன்முதலில் தவறியவர். இப்போது கல்யாணமாகி, குழந்தை இருக்கிறது. மனைவிதான் வண்டி ஓட்டுகிறாராம். நமக்கு அதெல்லாம் வராது என்று இவர் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டாராம்.

"அது உங்க தப்பில்ல தம்பி. பிரேக்கை நான் மிதிச்சேன். உங்களை மிதிக்கவே விடல" என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல மனிதர். "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க மேடம்," என்றார்.

இல்லை என்று மூன்று முறை சொன்னேன். அவர் நம்பவில்லை.