ஒண்ணுமில்லை என்று சொன்னவள்

கல்லூரியில் எல்லோருக்கும் டீச்சராகவும் எனக்கு என்றும் அக்காவாகவும் இருக்கிறவளுக்கு,

நீ வருஷா வருஷம் பாடம் நடத்திய அந்த ஆங்கில நாவலை, போன வாரம் விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸில் மறுபடி படித்தேன். அக்காள் தங்கை கதை. மூத்தவள் எல்லாவற்றையும் விழுங்குவாள், இளையவள் எல்லாவற்றையும் கொட்டுவாள். வகுப்பில் பிள்ளைகள் இளையவள் பக்கம் நிற்பார்கள் என்றும், மூத்தவளுக்காக நீ வாதாடுவாய் என்றும் சொல்வாய். எழுதியவள் இரக்கமுள்ளவள். கடைசியில் மூத்தவளுக்கும் ஒரு கல்யாணத்தைக் கூட்டிவைத்தாள். உனக்கு யார் வைத்தார்கள்?

உனக்கு வரனாக வந்தவரை உனக்கு முன்பே தெரியும், உன் கூட வேலை பார்த்தவளின் அண்ணன். ஜாதகம் பொருந்திய நாளிலிருந்து நீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி காயப்போட்டாய். வேறு எந்த வரனுக்கும் நீ முணுமுணுத்ததில்லை. பெண் பார்க்க வந்த அவர் அம்மா, உள்ளறையில் சிரித்துக்கொண்டிருந்த நம் தங்கை சரசுவை எட்டிப் பார்த்தாள்.

“சின்னவ சிரிச்ச முகமா இருக்கா. பெரியவ பரீட்ச ஹால்ல நிக்க மாதிரில்லா நிக்கா!”

மறுநாள் சின்னவளைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா உன்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “ஒனக்கு ஒண்ணுமில்லையேம்மா?”

“ஒண்ணுமில்லப்பா.”

அந்தப் பதிலில் அப்பாவுக்கு எத்தனை நிம்மதி! அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மூத்தவள் இருக்க இளையவள் கழுத்தில் தாலி ஏறினால், மூத்தவளிடம் ஏதோ குறை என்று ஊர் பேசும். பேசியது. அதன்பிறகு உனக்கென்று ஒரு ஜாதகம் வரவில்லை. சரசுவின் பிள்ளைப்பேறுகளுக்கு நீதான் லீவு போட்டாய். கடைசியில், உன்னைக் கொண்டுபோன வயிற்றுவலியைக்கூட ஆஸ்பத்திரி வாசலில்தான் சொன்னாய். அதுவும் ஒண்ணுமில்லைதானா, அக்கா?

இப்போதைய சேதியைச் சொல்கிறேன். சரசுவின் மூத்த மகள் சாந்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டு, இளையவளைக் கேட்கிறார்கள். சரசு விக்கிரமசிங்கபுரத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

“அண்ணன், நல்ல எடம். மாப்பிள்ள மெட்ராசுல கம்ப்யூட்டர் வேல பாக்குதான். வெள்ளிக்கிழம நிச்சயம், தாய்மாமன் நீங்கதான் தட்டு வாங்கணும். பெரியவளுக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவ நம்ம அக்கா மாதிரில்லா!”

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் பஸ் ஏறினேன்.

சாந்தி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டாள். “மாமா, வம்பு பண்ணாதீங்க. வந்து தட்ட வாங்குங்க. எனக்கு ஒண்ணுமில்ல.”

உன் குரல், அக்கா. அதே இறக்கம்.

“என் மொகத்தப் பாத்து இன்னொரு மட்டம் சொல்லுட்டி” என்றேன்.

தேங்காய் மூடி சுவரில் போய் மோதியது. “இருக்கு மாமா! இருக்குன்னா என்ன செய்யப் போறீங்க?” என்று கத்தியவள், தரையில் உட்கார்ந்து அழுதாள். தெருவுக்கே கேட்டது.

சரசு ஓடிவந்தாள். “பிள்ளய அழ வைக்கதுக்குன்னே வந்தீங்களாக்கும்? அக்கா எவ்வளவு பொறுமையா இருந்தா!”

“இருந்தா. இப்ப எங்கன இருக்கா?”

சரசுவின் கணவர், உன்னைப் பார்க்க வந்த அதே மனிதர், செய்தித்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. காபிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

நிச்சயதார்த்தம் நிற்காது. நான் தட்டு வாங்காவிட்டால் பங்காளி ஒருவரை உட்கார வைத்து நடத்திவிடுவார்கள். சரசு இனி என்னோடு பேசுவாளோ, மாட்டாளோ. அது பெரிதில்லை. சாந்திக்கு இனி ஒரு வரன் வருமா? உனக்கு வராதது அவளுக்கு வரும் என்று எந்த வாயால் சொல்வேன்?

என்னால் ஆவது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை போவேன். அந்தத் தட்டைத் தொடமாட்டேன். கூடத்தை விட்டு, அடுக்களையில் சாந்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் அழுதால், அழாதே என்று சொல்லமாட்டேன். வேறு எவரையும் சொல்லவும் விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்கும் சரசுவுக்கும் நடுவில் பிறந்த,
உன் தம்பி